சிப்ஸ் பாக்கெட் உப்பும் ஊரில் உடலியங்கியல்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் உப்பிக்கொண்டு நிற்கும். பர்லியார் தாண்டும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி, ஏன் என்று கேட்கத் தோன்றாது. நீலகிரியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் உடலியங்கியலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து அல்ல.

இதயம் எங்கே இருக்கிறது, எத்தனை அறை என்று சொல்வது உடற்கூறியல். அந்த இதயம் படி ஏறும்போது என்ன செய்கிறது, உட்கார்ந்ததும் எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது, ஊட்டியில் ஒரு மாதிரியும் கோவையில் ஒரு மாதிரியும் ஏன் துடிக்கிறது என்று கேட்பது உடலியங்கியல். முன்னதைப் படம் வரைந்து பாகம் குறித்துக் கற்றுவிடலாம். பின்னது அளந்தால்தான் வரும். தவளையை அறுத்த காலம் பள்ளிகளில் முடிந்துவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாணவரின் உடம்பே இருக்கிறது, அதுவும் 2,200 மீட்டர் உயரத்தில். சமவெளிப் பள்ளிகள் எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத ஆய்வுக்கூடம் இது.

முதலில் ஒரு கணக்கு. "மேலே போகப் போக காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறையும்" என்று பாதி வகுப்பு எழுதும். தவறு. சென்னையிலும் தொட்டபெட்டாவிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் காது அடைப்பதும் அதனால்தான். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம், ஊட்டியில் சுமார் 580. மூக்கு வழியாகப் போகும் காற்று மூச்சுக்குழாயில் நீராவியால் நிறைவதால், 37 டிகிரியில் அந்த நீராவியின் அழுத்தமான 47-ஐக் கழித்துவிட்டு 0.21-ஆல் பெருக்க வேண்டும். சென்னைக்கு 150 வரும், மேட்டுப்பாளையத்துக்கு 144, குன்னூருக்கு சுமார் 120, ஊட்டிக்கு 112, தொட்டபெட்டா உச்சிக்கு 106. அதாவது ஊட்டிக்காரர் நுரையீரலுக்குள் இழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம், சென்னைக்காரருக்குக் கிடைப்பதில் முக்கால் பங்குதான். இந்த ஐந்து எண்களையும் மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும். ரயிலில் வந்தால் ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும், அதை எடுத்து, அந்த உயரத்துக்குரிய அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. கைபேசியின் வானிலைச் செயலியைப் பார்த்து ஊட்டியின் காற்றழுத்தம் 1015 ஹெக்டோபாஸ்கல் என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வரும். செயலிகள் காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அளவு. உண்மையான அழுத்தம் 770-780 அளவில்தான் இருக்கும் (மேலே சொன்ன 580 மி.மீ. பாதரசம் இந்த அலகில் இவ்வளவுதான்). சில கைபேசிகளுக்குள் அழுத்த உணரி இருக்கிறது; அதை நேரடியாகப் படிக்கும் செயலி இருந்தால் சரியான எண் வரும்.

அடுத்து விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏந்தியிருக்கிறது என்று காட்டும் கருவி. கொரோனாவுக்குப் பிறகு இது பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது, பள்ளிக்கு இரண்டு கேட்டு வாங்குவது கடினமில்லை. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஏந்தாததும் இந்த இரண்டு ஒளியையும் வேறுவேறு அளவில் உறிஞ்சுகின்றன. தமனியில் துடிக்கும் ரத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிடும் யோசனை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகியுடையது, 1970-களில் வந்தது.

ஊட்டியில் காலை ஒன்பதரைக்கு வகுப்பில் இதை மாட்டினால் பாதிப் பேருக்கு எண் வராது, அல்லது 85 என்று காட்டி எல்லாரையும் பயமுறுத்தும். காரணம் நோயல்ல, குளிர்ந்த விரல். குளிரில் விரல் நுனி ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் கருவிக்குத் துடிப்பு எட்டுவதில்லை. கைகளை இரண்டு நிமிடம் தேய்த்தோ, வெதுவெதுப்பான நீரில் வைத்துத் துடைத்தோ பிறகு மாட்ட வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலாகப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெயில் கருவிமேல் விழக் கூடாது. மாட்டியபின் ஒரு நிமிடம் கை அசையாமல் இருந்து, எண் நிலைத்தபிறகே எழுத வேண்டும். கடைசியாக மிக முக்கியமான சோதனை: அதே நேரம் இன்னொருவர் மணிக்கட்டில் நாடி எண்ண வேண்டும். கையால் எண்ணியதும் கருவி காட்டும் துடிப்பும் ஐந்துக்கு மேல் வேறுபட்டால், அந்த ஆக்சிஜன் அளவை நம்பக் கூடாது. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எடுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவிகள் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கருவி சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பாமல் இருப்பதுதான் ஆய்வாளரின் முதல் பழக்கம்.

சரியாக எடுத்தால் ஊட்டியில் பெரும்பாலோருக்கு 93 முதல் 97 வரை வரும். சமவெளியில் 96 முதல் 99. இங்கேதான் பாடம் சுவையாகிறது. ஆக்சிஜன் அழுத்தம் கால் பங்கு குறைந்திருக்க, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு ஏன் மூன்று நான்கு சதவீதம் மட்டும் குறைகிறது? பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் வரும் அந்த 'எஸ்' வடிவ ஆக்சிஜன் பிரிகைக் கோடுதான் விடை. கோட்டின் மேற்பகுதி ஏறக்குறைய தட்டை. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 65-க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் பிடியை விடுவதில்லை. அதற்குக் கீழே போனால்தான் சரிவு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த கோடு தன் விரலிலேயே இருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது மறக்காது.

இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். இந்தக் கருவியின் பிழையே கூட்டியோ குறைத்தோ 2 சதவீதம். அப்படியானால் ஒருவரிடம் ஊட்டியில் 95, மேட்டுப்பாளையத்தில் 97 என்று வந்தால் அது மலையின் வேலையா, கருவியின் பிழையா? ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. முப்பது பேரை, ஒரே கருவியால், ஒரே முறையில் எடுத்துச் சராசரி போட்டால் சொல்லலாம். ஊட்டியில் ஒரு பள்ளியும் மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளியும் சேர்ந்துகொண்டு, அதே ஆக்சிமீட்டரைப் பேருந்தில் அனுப்பி எடுத்தால் நல்ல ஆய்வாகவே நிற்கும். கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் சமவெளிப் பிள்ளைகளை முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று அளந்தால் உடம்பு உயரத்துக்குப் பழகும் விதமும் தெரியலாம்.

நாடி எண்ணுவது எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்போம். பெரும்பாலும் தவறாகவே எண்ணுவார்கள். கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். கடிகாரம் தொடங்கும்போது உணரும் முதல் துடிப்பு 'பூஜ்யம்', அடுத்ததுதான் 'ஒன்று'. இதை விட்டால் ஒரு துடிப்பு கூடும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குபவருக்கு அந்த ஒன்று நான்காகிவிடும். ஓய்வு நாடிக்கு 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குவதே மேல். மேடேறிப் பள்ளிக்கு வந்த பிள்ளை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே ஓய்வு நாடி எடுக்க வேண்டும். டீ குடித்த உடனே எடுக்கக் கூடாது. நீலகிரியில் இது நடக்காத காரியம் போலத் தோன்றினாலும், முதல் பீரியடில் எடுக்காமல் மூன்றாவது பீரியடில் எடுத்தால் சரியாகிவிடும்.

படியேற்றச் சோதனைக்கு 30 செ.மீ. உயரம் வேண்டும். பள்ளிப் படிகள் பெரும்பாலும் 15 செ.மீ. இருக்கும் என்பதால் இரண்டு படி உயரமுள்ள உறுதியான மேடையோ திண்ணையோ போதும். ஆடும் பெஞ்ச் வேண்டவே வேண்டாம். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என்று நான்கு அடி சேர்ந்தது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 24 சுற்று, மூன்று நிமிடம். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியைக் கைபேசியில் நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி. வாயால் எண்ணிக்கொண்டு செய்தால் இரண்டாம் நிமிடத்தில் வேகம் தளர்ந்துவிடும், பிறகு யாருடைய எண்ணையும் யாருடையதோடும் ஒப்பிட முடியாது. முடிந்ததும் உடனே உட்கார வைத்து, ஐந்து வினாடிக்குள் நாடியைப் பிடித்து 15 வினாடி எண்ண வேண்டும். இங்கே 30 வினாடி ஆகாது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாடி இறங்கிவிடும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்றாவது நிமிடங்களில் மறுபடி. இந்த நான்கு புள்ளிகளைக் கோட்டுப்படத்தாளில் போட்டால் முதல் நிமிடத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சாயும் கோடு வரும். முதல் இறக்கம் பெரும்பாலும் வேகஸ் நரம்பு மறுபடி கடிவாளத்தைப் பிடிப்பதால் வருவது.

மூச்சின் அளவைப் பார்க்க ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் போதும். சின்ன பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் கையில் கிடைப்பதும் அதுதான். கேனை விளிம்புவரை நிரப்பி, 250 மி.லி. வெளியே ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்து நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அது 250 மி.லி. காற்றுக்கான குறி. ஒவ்வொரு முறையும் இன்னொரு 250 ஊற்றி இப்படியே கடைசிவரை. சிலர் நிமிர்த்தி வைத்தே குறி போடுவார்கள். கழுத்துப் பக்கம் குறுகலாக இருப்பதால் அந்தக் குறிகள் எல்லாம் பிசகிவிடும். பிறகு கேனை முழுக்க நிரப்பி மூடி, பத்து செ.மீ. நீர் உள்ள அகலமான தொட்டியில் கவிழ்த்து, நீருக்கடியிலேயே மூடியைத் திறந்து, ஒரு மீட்டர் குழாயின் ஒரு முனையை உள்ளே விட வேண்டும். குழாயின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மீன்தொட்டிக் குழாய் போல மெல்லியதாக இருந்தால் ஊதவே முடியாது. கன்னம் உப்புமே தவிர காற்று போகாது. தொட்டியிலிருந்து மூன்று நான்கு லிட்டர் நீர் வழியும், அதனால் இதை வெளியே முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுமூச்சு இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி, இனி ஒன்றுமில்லை என்னும்வரை ஊத வேண்டும். மூன்று முறை செய்து மிகப் பெரியதை எடுங்கள். அளவைக் குறிக்கும்போது கேனை மெல்லத் தூக்கியோ இறக்கியோ உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைச் சமமாக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி வாய்த்துண்டு கட்டாயம். குழாயையே ஐந்து செ.மீ. துண்டுகளாக நறுக்கி, சோப்பில் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்தால் போதும். குழாய் வழியாக யாரும் உள்ளிழுக்கக் கூடாது. சளி, இருமல் உள்ளவர்கள் அன்று குறிப்பெடுக்கட்டும்.

வரும் எண் எதிர்பார்ப்பைவிடக் குறைவாக இருக்கும், அதற்கு மாணவரின் நுரையீரலைக் குற்றம் சொல்லாதீர்கள். நுரையீரலில் 37 டிகிரியில் இருந்த காற்று ஊட்டித் தண்ணீரில் 16 டிகிரிக்குக் குளிர்கிறது, நீராவியும் ஒடுங்குகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கேன் 2.65 லிட்டர் காட்டினால் உண்மையில் 3 லிட்டர் ஊதியிருக்கிறார். இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட வேண்டிய இடம் இது. எல்லார் அளவையும் அவரவர் உயரத்துக்கு எதிரே புள்ளியாகப் போடுங்கள். எடைக்கு எதிரே போட்டால் வராத ஒழுங்கு உயரத்தில் வரும்.

டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீர் தானாகவே குளிர்ந்திருக்கும். அகலமான பாத்திரத்தில் அந்த நீரில் முகத்தை 20 வினாடி அமிழ்த்தினால் நாடி இறங்கும். நீரில் மூழ்கும் பாலூட்டிகள் எல்லாவற்றிலும் உள்ள அனிச்சை இது. நாடியைக் கையால் பிடியுங்கள், ஆக்சிமீட்டர் இங்கே உதவாது. விரலின் குழாய்களும் கூடவே சுருங்கிவிடும். யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார் என்ற போட்டியாக இது மாறிவிடக் கூடாது. மாறும் அறிகுறி தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள்.

ஆட்டு இதயம் வாங்கச் சொல்பவர்கள் கறிக்கடையில் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் ரத்தம் வடிய இதயத்தைக் கீறியே தருவார்கள், பெருந்தமனியையும் ஒட்ட அறுத்துவிடுவார்கள். மேலே இரண்டு மூன்று செ.மீ. குழாய் இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றி அரைச்சந்திர வால்வு மூடி நீரைத் தாங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இடது வெண்டிரிக்கிள் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். ஏன் என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். விடை வகுப்பிலிருந்தே வரும்.

இப்போது தள்ளிவைக்கக் கூடாத விஷயம். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் செல் (சிக்கிள் செல்) இந்தியாவில் முதலில் பதிவானதே நீலகிரி ஆதிவாசி மக்களிடம்தான், 1952-ல். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கப் பள்ளிகளில் இந்த நோய் உள்ள பிள்ளைகள் இருக்கலாம். குளிர்ந்த நீர், கடும் உழைப்பு, உடலில் நீர் குறைவது, ஆக்சிஜன் குறைவது இவை எல்லாமே அவர்களுக்குக் கடும் வலியை வரவழைக்கும். படியேற்றமும் குளிர்நீரும் அவர்களுக்குக் கூடாது. இதய நோய், ஆஸ்துமா, காய்ச்சல், கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆனால் "யாருக்கெல்லாம் சிக்கிள் செல் இருக்கு, கை தூக்குங்க" என்று வகுப்பில் கேட்பது கொடுமை. பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி, என்ன செய்யப்போகிறோம் என்று எளிய தமிழில் எழுதி, ஒப்புதல் வாங்குங்கள். நான்கு பேர் குழுவில் உடம்பைத் தருபவர், அளப்பவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர் என்று நான்கு வேலை இருக்கிறது. காரணம் சொல்லாமலே யாரும் எழுதுபவராக இருக்கலாம் என்ற விதியை முதல் நாளே வைத்தால் யாரும் அம்பலப்பட மாட்டார்கள். தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எடையையும் ஆக்சிஜன் அளவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். பள்ளியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவே வேண்டாம்.

ரத்தசோகை பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உயரத்தில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று அதிகம். குறைந்த ஆக்சிஜனை உணர்ந்து சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களைச் செய்கிறது. செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்குத்தான் 2019-ன் மருத்துவ நோபல். கடல் மட்ட அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் ரத்தசோகை உள்ள சிலர் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ற திருத்தம் சொல்கிறது.

ஆராய்ச்சி என்றால் டெல்லியிலும் அமெரிக்காவிலும் நடப்பது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918-ல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கான ஆய்வைத் தொடங்கினார். எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளைக் கொடுத்து வளர்த்து ஒப்பிட்டார். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு தின்ற எலிகள் நலிந்தன, கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு தின்றவை செழித்தன. அந்த அறை 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். சிம்ஸ் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள், பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கட்டிடத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். ஏ.எஸ். பெயின்டல் பெயரையும் சொல்லுங்கள். நுரையீரலில் 'ஜே' உணரிகளைக் கண்டறிந்த இந்திய உடலியங்கியலாளர். மூச்சு முட்டுவது என்ற உணர்வைப் புரிந்துகொள்ள அவர் ஆய்வு பெரிதும் உதவியது.

வேலை என்று வந்தால், உடலியங்கியல் என்றதும் எம்.பி.பி.எஸ். மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்த வழியில் போகிறவர்கள் முதலாண்டில் இதைப் படித்து, பிறகு மூன்றாண்டு எம்.டி. உடலியங்கியல் முடித்து ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் ஆகலாம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பாதை மூடுவதில்லை. இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் தொழில்நுட்பம், சுவாச சிகிச்சை, இதயத் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம், செவித்திறன் மற்றும் பேச்சு சிகிச்சை இவை எல்லாம் தினமும் உடலியங்கியலை அளந்து வேலை செய்யும் படிப்புகள். உயிரறிவியலில் பட்டம் பெற்றவர்களுக்கு ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற இடங்களில் உடலியங்கியல் முதுநிலை அறிவியல் படிப்பும், பிறகு முனைவர் பட்டமும் உண்டு. உயரத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்பதையே ஆராயும் ராணுவ ஆய்வகம் டெல்லியில் இருக்கிறது, விமானிகளின் உடலியங்கியலுக்கு பெங்களூரில் ஒரு நிறுவனம். ஆடு மாடு பிடிக்கும் பிள்ளைக்குக் கால்நடை உடலியங்கியல். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவிலேயே செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் பழைய மாணவர் சொன்னதை நம்பாமல் அந்த வருடத்து விவரக்குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே உடலியங்கியல் துறையும் உண்டு. பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும்போது "மாணவர்களுக்கு விழிப்புணர்வு" என்று பொதுவாக எழுதாதீர்கள். நாங்கள் கேனில் மூச்சை அளந்தோம், இதோ முப்பது பேரின் கோட்டுப்படம், உங்கள் ஸ்பைரோமீட்டரில் அதே ஐந்து பேரை ஊதவைத்து எங்கள் பிழை எவ்வளவு என்று பார்க்க விரும்புகிறோம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, கோட்டுப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு முறைக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஸ்பைரோமீட்டர், ஈ.சி.ஜி., நரம்புக் கடத்தல் வேகம் பார்க்கும் கருவி என்று மூன்றைத் தாண்டிக் கேட்க வேண்டாம். போகும்போது அந்தக் கேனையும் எடுத்துப்போங்கள்.